கல்லறைத் தோட்டத்தில் ஒரு தேடல்: தந்தையரை நினைக்கும் புதுவழக்கத்தின் பழைய வேர்கள்

மறைந்த தந்தையின் நினைவாக, அவர் அடக்கம் செய்யப்பட்ட கல்லறைத் தோட்டத்தின் வேலியோரத்தில் சிறு பெட்டி ஒன்றை மறைத்து வைத்து, உள்ளேயுள்ள கல்லறைப் பொறிப்புகளைப் படித்துத் துப்பறிபவருக்கே அது கிடைக்கும் என்ற ஏற்பாட்டுடன் முன்பின் அறியாதவர்களை அங்கே வரவழைக்கும் வழக்கம், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பரவி வந்திருக்கிறது. பெட்டிக்குள் பொன்னோ பணமோ இருப்பதில்லை. வந்தவர்கள் பெயரும் தேதியும் எழுதிச் செல்வதற்கான குறிப்பேடு, குழந்தைகள் எடுத்துக்கொள்ளத்தக்க சில மலிவுப் பொருள்கள், சில வேளைகளில் இறந்தவரைப் பற்றி அவருடைய மகனோ மகளோ எழுதி வைத்த ஒரு பக்கம் ஆகியவையே அந்தப் புதையல். செயற்கைக்கோள் வழிகாட்டியால் நேற்று முளைத்த பொழுதுபோக்கு என்று இதைப் பலர் கருதுகின்றனர். துக்கத்துக்குரிய இடத்தில் விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று முகம் சுளிப்போரும் உண்டு. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் உலாவுவது, தெரியாதவரின் கல்லை நின்று படிப்பது, நினைவுப் பெட்டியைத் தொலைவிடத்தில் வைப்பது, தந்தைக்கென ஒரு நாளை ஒதுக்குவது என இவ்வழக்கத்தின் கூறுகளைப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு முதல் இருநூறு ஆண்டுப் பழமை உடையது என்பது தெரியவரும். கல்லறைக்கல் என்பதே வழிப்போக்கரை நிறுத்திப் பெயரைப் படிக்க வைப்பதற்காக நடப்படுவதுதான். புதையல் தேடல் அந்தப் பழைய நோக்கத்தைப் புதிய கருவி கொண்டு நிறைவேற்றுகிறது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

ஐரோப்பிய நகரங்களில் பதினெட்டாம் நூற்றாண்டு வரை பெரும்பாலோர் தேவாலயத்தைச் சுற்றியுள்ள நெருக்கடியான முற்றங்களிலேயே புதைக்கப்பட்டனர். இடம் போதாதபோது பழைய எலும்புகளை அகற்றிவிட்டுப் புதியவர்களை அதே குழியில் இட்டனர். பாரிஸ் நகரின் நடுவே இருந்த இன்னொசென்ட்ஸ் இடுகாடு பல நூற்றாண்டுப் பிணங்களைத் தாங்க முடியாமல் 1780இல் மூடப்பட்டது. 1786 முதல் அங்கிருந்த எலும்புகள் நகரத்தின் அடியிலிருந்த பழைய கற்சுரங்கங்களுக்கு வண்டி வண்டியாகக் கொண்டுசெல்லப்பட்டன. அதன்பின் 1804இல் நகர எல்லைக்கு வெளியே ஒரு குன்றின் மேல் பெர் லாஷேஸ் என்னும் கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டது. தொலைவு கருதி மக்கள் முதலில் தயங்கினர். 1817இல் நாடகாசிரியர் மொலியேர், கதைக் கவிஞர் லா ஃபோன்தேன், இடைக்காலக் காதலர்களான அபெலார், எலோயீஸ் ஆகியோருடையவை எனக் கருதப்பட்ட எச்சங்களை நிர்வாகத்தினர் அங்கே இடம்பெயர்த்ததும், புகழ்பெற்றவர்களுக்கு அருகில் உறங்க விரும்பியவர்களும் அவர்களுடைய கல்லறைகளைக் காண விரும்பியவர்களும் கூட்டமாக வரத் தொடங்கினர். உறவினர் அல்லாத ஒருவர், வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதைகளில் நடந்து ஒரு குறிப்பிட்ட கல்லைத் தேடும் பழக்கம் நவீன காலத்தில் வேரூன்றிய இடங்களுள் இது முதன்மையானது.

இந்த முன்மாதிரியை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றவர்கள் பாஸ்டன் நகரத்தார். மருத்துவரும் தாவரவியலாளருமான ஜேக்கப் பிகலோவின் முயற்சியாலும் மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கத்தின் ஆதரவாலும், பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் 72 ஏக்கர் காட்டு நிலத்தில் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டம் 1831 செப்டம்பர் 24 அன்று திறந்து வைக்கப்பட்டது. திறப்புரை ஆற்றியவர் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசப் ஸ்டோரி. தம் குழந்தைகள் பலரை இழந்திருந்த அவர், இறந்தோர் உறங்கும் இடம் உயிருள்ளோர் விரும்பி வரும் இடமாக இருக்க வேண்டும் என்பதை அந்த உரையில் அழுத்திக் கூறினார். வளைந்து செல்லும் பாதைகள், குளங்கள், மேடுகள், பெயர்ப்பலகை தாங்கிய மரங்கள் ஆகியவற்றோடு அமைந்த இத்தகைய இடங்களைக் கிராமியக் கல்லறைத் தோட்டங்கள் என்று வரலாற்றாசிரியர்கள் வகைப்படுத்துகின்றனர். 1836இல் ஃபிலடெல்ஃபியாவில் லாரல் ஹில், 1838இல் புரூக்ளினில் கிரீன்-வுட் என அவை அடுத்தடுத்துத் தோன்றின. 1848ஆம் ஆண்டின் ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் மட்டும் லாரல் ஹில்லுக்கு ஏறத்தாழ 30,000 பேர் வந்தனர் என்று தோட்டக்கலை எழுத்தாளர் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் கணக்குக் காட்டினார். கல்லறைகளுக்கே இவ்வளவு பேர் காற்று வாங்கப் போகிறார்கள் என்றால் நகரங்களுக்குப் பொதுப் பூங்கா எவ்வளவு தேவை என்பது அவருடைய வாதம். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவானதற்கு இந்த வாதமும் ஒரு காரணம். கையடக்க வழிகாட்டி நூல்கள் அச்சாயின. குடும்பங்கள் உணவுக் கூடையுடன் வந்து நாள் முழுவதும் கல்லறைகளுக்கிடையே கழித்தன. இன்று கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகள் ஓடித் தேடுவதைக் கண்டு மனம் புண்படுவோர், அந்தத் தோட்டங்களை உருவாக்கியவர்கள் அதையே விரும்பினார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

லாரல் ஹில்லின் நுழைவாயிலில் ஒரு சிற்பத் தொகுதி இருக்கிறது. சிற்பி ஜேம்ஸ் தாம் செதுக்கிய அத்தொகுதியில் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டும், கல்தச்சர் ஒருவரும், அவருடைய மட்டக்குதிரையும் காணப்படுகின்றனர். அந்தக் கல்தச்சர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் வாழ்ந்த ராபர்ட் பேட்டர்சன். அதற்கு முந்தைய நூற்றாண்டில், அரசன் திணித்த திருச்சபை அமைப்பை ஏற்க மறுத்துக் கொல்லப்பட்ட கவனன்டர்கள் என்னும் சமயப் பிரிவினரின் கல்லறைகள் அந்நாட்டின் தென்பகுதி மேடுகளிலும் சதுப்புகளிலும் சிதறிக் கிடந்தன. பேட்டர்சன் தம் வாழ்வின் பிற்பகுதியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், வீட்டையும் குடும்பத்தையும் விட்டு, குதிரையில் ஏறி அக்கல்லறைகளைத் தேடித் தேடிச் சென்று, பாசியைச் சுரண்டி, மங்கிய எழுத்துகளை உளியால் மீண்டும் ஆழப்படுத்தினார். இப்பணிக்கு அவர் கூலி பெறவில்லை. ஸ்காட் 1816இல் வெளியிட்ட புதினத்துக்கு இவருடைய பட்டப்பெயரான ஓல்ட் மார்ட்டாலிட்டி என்பதையே தலைப்பாக்கினார். பேட்டர்சன் 1801இல் இறந்தபோது அவர் தலைமாட்டில் எவரும் கல் நடவில்லை. ஸ்காட்டின் பதிப்பாளர்கள் 1869இல் கேர்லாவராக் தேவாலய முற்றத்தில் நினைவுக்கல் நட்டனர். தமக்கு இரத்த உறவு இல்லாதவர்களின் பெயரைக் காப்பதற்காக அலைந்த இம்மனிதரை இன்றைய கல்லறைத் தேடலாளர்களின் மூதாதை என்று கூறுவது மிகையாகாது.

தேடிச் செல்பவர் அங்கே எதைப் படிக்கிறார் என்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும், ஏனெனில் புதையல் தேடலின் துப்புகள் அனைத்தும் இந்தக் கல் மொழியிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அமெரிக்காவின் வடகிழக்கான நியூ இங்கிலாந்துப் பகுதியின் பழைய இடுகாடுகளில், சிலேட்டுப் பலகை செய்யப்படும் அதே வகைக் கல்லில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சிறகு முளைத்த மண்டையோடுகள் செதுக்கப்பட்டன. மரணத்தின் அச்சத்தை முன்னிறுத்திய பியூரிட்டன் சமயம் தளர்ந்ததும் மண்டையோடு மெல்ல மெல்லக் குழந்தை முகமுள்ள தேவதூதனாக மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் சாம்பற்கலமும் அதன்மேல் கவிந்த வில்லோ மரமும் அவ்விடத்தைப் பிடித்தன. தொல்லியலாளர்கள் ஜேம்ஸ் டீட்ஸ், எட்வின் டெத்லெஃப்சன் ஆகியோர் 1960களில் இந்தக் கற்களை ஆண்டுவாரியாக எண்ணி, ஒரு வடிவம் தோன்றிப் பெருகித் தேய்வதை வரைபடமாக்கிக் காட்டினர். தேதி பொறித்த பொருள்களாதலால் பானை ஓடுகளைக் காலவரிசைப்படுத்தும் தம் துறையின் முறையைச் சோதித்துப் பார்க்க இவற்றைவிட ஏற்ற சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு முன்பே ஹாரியட் ஃபோர்ப்ஸ் என்னும் பெண்மணி ஊர் ஊராகச் சென்று கற்களைப் படமெடுத்து, அவற்றைச் செதுக்கிய கைவினைஞர்களின் பெயர்களைச் சொத்துப் பத்திரங்களிலிருந்தும் கணக்கேடுகளிலிருந்தும் கண்டுபிடித்து 1927இல் நூலாக்கினார். சென்னையிலும் இதை ஒத்த பணி நடந்திருக்கிறது: குடிமைப் பணி அதிகாரியான ஜூலியன் ஜேம்ஸ் காட்டன், சென்னை மாகாணத்துக் கல்லறைப் பொறிப்புகளைத் தொகுத்து 1905இல் வெளியிட்ட பட்டியல் இன்றும் ஆய்வாளர்களுக்குக் கைவிளக்காக இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்கள் இன்னும் விரிவாகப் பேசுகின்றன. படுத்திருக்கும் ஆட்டுக்குட்டி குழந்தையின் கல்லறையைக் குறிக்கிறது. முறிந்த தூண் நடுவயதில் அறுந்த வாழ்வைக் குறிக்கிறது. பற்றிய இரு கைகள் பெரும்பாலும் கணவன் மனைவியின் பிரிவைச் சொல்கின்றன. மூன்று வளையச் சங்கிலி ஆட்ஃபெல்லோஸ் என்னும் பரஸ்பர உதவிச் சங்கத்தின் சின்னம். வெட்டப்பட்ட அடிமர வடிவில் நிற்கும் கற்களில் பல, 1890இல் ஓமாஹா நகரில் தொடங்கப்பட்டு, இறந்த உறுப்பினர்களுக்கு நினைவுக்கல் எழுப்ப உதவிய உட்மென் ஆஃப் த வேர்ல்ட் சங்கத்தாருடையவை. சில நினைவுத் தூண்கள் கல்லே அல்ல. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் 1870களிலிருந்து முதல் உலகப்போர்க் காலம் வரை துத்தநாகத்தில் வார்க்கப்பட்டு, வெண்வெண்கலம் என்ற பெயரில் விற்கப்பட்டவை. நீலச் சாம்பல் நிறமும், விரலால் தட்டினால் எழும் உள்ளீடற்ற ஒலியும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். பளிங்கு எழுத்துகள் மழையில் கரைந்துபோன இடத்திலும் அவற்றின் எழுத்துகள் கூர்மையாகவே இருக்கின்றன. போர்வீரர்களின் கற்களோ ஒரே அச்சில் அமைந்தவை: உள்நாட்டுப் போரில் இறந்தோருக்கு 1873 முதல் ஒரே வடிவிலான வெள்ளைப் பளிங்குக் கல்லை வழங்கிய அமெரிக்க அரசு, 1879 முதல் தனியார் கல்லறைத் தோட்டங்களில் அடக்கமான படைவீரர்களுக்கும் அதை நீட்டித்தது. பிற்காலப் போர்களிலிருந்து திரும்பி முதுமையில் இறந்த எத்தனையோ தந்தையரின் பெயரும் படைப்பிரிவும் அரசு வழங்கிய இத்தகைய கல்லிலோ வெண்கலத் தகட்டிலோதான் இருக்கின்றன.

கல்லறைக்குச் செல்வதை நாட்காட்டியில் ஏற்றியதும் அமெரிக்க உள்நாட்டுப் போரே. 1865 மே 1 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், போர்க்கைதிகளாக மடிந்து குதிரைப் பந்தயத் திடலில் அவசரமாகப் புதைக்கப்பட்ட குறைந்தது 257 வடபுல வீரர்களை முறையாக மறு அடக்கம் செய்து, வேலியடைத்து, ஏறத்தாழ 10,000 பேர் மலருடன் ஊர்வலமாகச் சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் அப்போதுதான் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள். மூன்றாண்டு கழித்து, முன்னாள் வடபுல வீரர் சங்கத்தின் தலைவர் ஜான் லோகன் விடுத்த ஆணைப்படி 1868 மே 30 அன்று கல்லறைகளை மலரால் அணி செய்யும் நாள் நாடு தழுவி அனுசரிக்கப்பட்டது. அதுவே இன்றைய நினைவு நாள். 1971 முதல் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமைக்கு மாறியது. அப்பலாச்சிய மலைப்பகுதியின் சிற்றூர்களில் இதற்கு ஒத்த குடும்ப வழக்கம் ஒன்றும் உண்டு: ஆண்டுக்கு ஒரு நாள் உறவினர் கூடி, புல் செதுக்கி, மண்மேட்டைச் சீராக்கி, மலர் வைத்து, கல்லறைகளுக்கருகிலேயே உணவு பரிமாறி உண்பர். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் தமிழகக் கத்தோலிக்கர் வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்றி, பூப்பரப்புவதை அறிந்தவர்களுக்கு இது அயலாகத் தோன்றாது.

தந்தையர் நாளும் துக்கத்தில் பிறந்தது என்பதைப் பலர் அறியார். மேற்கு வர்ஜீனியாவின் மொனொங்கா நிலக்கரிச் சுரங்கத்தில் 1907 டிசம்பர் 6 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் அதிகாரப்பூர்வக் கணக்குப்படி 362 பேர் மடிந்தனர். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள்; ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகள் ஒரே காலையில் தந்தையை இழந்தனர். அடுத்த ஊரான ஃபேர்மான்ட்டில் வாழ்ந்த கிரேஸ் கோல்டன் கிளேட்டன், முன்பே தம் தந்தையைப் பறிகொடுத்திருந்தவர். அவருடைய வேண்டுகோளின்படி 1908 ஜூலை 5 அன்று அவ்வூர்த் தேவாலயத்தில் தந்தையருக்கான வழிபாடு நடந்தது. முந்தைய நாளின் விடுதலைக் கொண்டாட்டங்களில் அது மறைந்துபோக, மறு ஆண்டு தொடரவில்லை. பிறகு வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில், மனைவியை இழந்தபின் ஆறு குழந்தைகளைத் தனியே வளர்த்த உள்நாட்டுப் போர் வீரர் ஒருவரின் மகளான சொனோரா ஸ்மார்ட் டாட் எடுத்த முயற்சியால் 1910 ஜூன் 19 அன்று அனுசரிக்கப்பட்ட நாளே நிலைத்தது. 1972இல் அது சட்டப்படி தேசிய நாளாயிற்று. தந்தை உயிரோடிருப்பவர் சிவப்பு ரோஜாவும் இழந்தவர் வெள்ளை ரோஜாவும் அணிவது அந்நாளின் தொடக்ககால வழக்கம். கல்லறைப் புதையல் தேடல்களைப் பலர் தந்தையர் நாளான ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி வைப்பதற்குப் பின்னணியில் இந்த வரலாறு இருக்கிறது.

இனி, பெட்டியின் கதை. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்னும் பரந்த புல்வெளி மேட்டுநிலம் உண்டு. கரடான பாறைக் குவியல்களும் காலை விழுங்கும் சதுப்பும் நிறைந்தது. அதன் வடபகுதியின் நடுவே, எந்தச் சாலையும் அணுகாத கிரான்மியர் பூல் என்னும் இடத்தில், சாக்ஃபோர்ட் ஊரின் வழிகாட்டியான ஜேம்ஸ் பெரட் 1854இல் ஒரு கண்ணாடிச் சாடியை வைத்தார். அவர் அழைத்துவந்த பயணிகள் தாம் அங்கு வந்ததன் அடையாளமாகத் தம் பெயர் அட்டையை அதில் இட்டுச் சென்றனர். பின்னர் சாடி பெட்டியாயிற்று. 1905இல் வருகைப் பதிவேடு வைக்கப்பட்டது. தம் முகவரியிட்ட அஞ்சலட்டையை ஒருவர் விட்டுச் செல்ல, அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய் அஞ்சலில் சேர்க்கும் வழக்கமும் உருவாயிற்று. அஞ்சலட்டை வீடு சேர எடுத்த நாள்களே அந்த இடம் எவ்வளவு தொலைவானது என்பதற்கு அளவுகோல். இதுவே லெட்டர்பாக்ஸிங் எனப்படும் பெட்டி தேடலின் தோற்றம். பிற்காலத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ரப்பர் முத்திரை செய்து வைத்து, தேடி வந்தவர் தம் ஏட்டில் பதித்துக்கொள்வது நெறியாயிற்று.

இவ்வரலாற்றில் மிக முக்கியமான ஆண்டு 1938 என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. டார்ட்மூரின் ஒவ்வொரு பாறையையும் ஓடையையும் நடந்தே அளந்து, 1909இல் அதற்கான வழிகாட்டி நூலை எழுதிய வில்லியம் கிராசிங், முடக்குவாதத்தாலும் வறுமையாலும் வருந்தி 1928இல் மறைந்தார். அவருடைய உடல் மேரி டேவி ஊர்த் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவரை மதித்தவர்கள் பத்தாண்டு கழித்து, டார்ட்மூரின் தென்பகுதியில் டக்ஸ் பூல் என்னும் ஒதுக்கிடத்தில், பெரும்பாறை ஒன்றில் நினைவுப் பலகை பதித்து, அதனருகே ஒரு தேடல் பெட்டியையும் வைத்தனர். சிலை எழுப்பியிருக்கலாம், ஊர் நடுவே தூண் நட்டிருக்கலாம். நடந்து நடந்தே வாழ்ந்த மனிதருக்கு, நடந்து வந்தால் மட்டுமே காணக்கூடிய நினைவிடம்தான் தகும் என்று அவர்கள் கண்டுகொண்டனர். இறந்தவரின் விருப்பத்தையும் உழைப்பையும் தேடி வருபவரின் உடலிலேயே உணரச் செய்யும் இந்த எண்ணம் எளியதாயினும் நுட்பமானது. இன்று தந்தையின் பெயரால் பெட்டி மறைக்கும் மகளும் மகனும் அறிந்தோ அறியாமலோ அதையே பின்பற்றுகின்றனர்.

பெட்டி தேடும் இவ்விளையாட்டு 1998இல் ஸ்மித்சோனியன் இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்றின் வழியாக அமெரிக்காவில் பரவலாக அறியப்பட்டது. இரண்டு ஆண்டுக்குள் அதன் உருவமே மாறியது. ஜி.பி.எஸ். எனப்படும் செயற்கைக்கோள் இடங்காட்டி முறையில், இராணுவம் அல்லாதோர் பெறும் அலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்ததால், கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை விலகியிருக்கும். அவ்வாறு பிழை கலப்பதை நிறுத்துவதாக அதிபர் கிளின்டன் 2000 மே 1 அன்று அறிவித்தார். அன்றிரவே துல்லியம் ஏறத்தாழப் பத்து மடங்கு கூடியது. மே 3 அன்று, ஒரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி மண்ணில் புதைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அறிவித்தார். எடுப்பதற்கு ஈடாக ஏதாவது வைக்க வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பவையே விதிகள். அம்மாத முடிவுக்குள் அதற்கு ஜியோகேச்சிங் என்ற பெயரும் அமைந்தது. இன்று உலகெங்கும் இத்தகைய மறைவிடங்கள் முப்பது லட்சத்துக்கும் மேல் உள்ளன.

கல்லறைத் தோட்டங்கள் விரைவிலேயே இதில் இடம்பெற்றன. இந்தியானா மாநிலத்தில் கைவிடப்பட்ட முன்னோடிக் குடியேறிகளின் இடுகாடுகளுக்கு மக்களை இட்டுச் செல்லும் ஸ்பிரிட் குவெஸ்ட் என்னும் வரிசையும், பிரிட்டனில் தேவாலயங்களை ஒட்டி ஆயிரக்கணக்கில் பெருகிய சர்ச் மைக்ரோ என்னும் வரிசையும் அவற்றுள் பெயர்பெற்றவை. இத்தேடல்களில் நெறியறிந்தோர் கையாளும் முறை இதுதான்: கல்லறைகளுக்கிடையே எந்தப் பொருளும் மறைக்கப்படுவதில்லை, அங்கே இருப்பவை கேள்விகள் மட்டுமே. எடுத்துக்காட்டாக, ஆட்டுக்குட்டி செதுக்கிய கல்லில் உள்ள ஆண்டின் கடைசி எண்ணை முதல் துப்பாகவும், துத்தநாகத் தூணின் எத்தனை பக்கங்களில் பெயர்கள் உள்ளன என்பதை இரண்டாவதாகவும், படைவீரர் ஒருவரின் படைப்பிரிவு எண்ணை மூன்றாவதாகவும் குறித்துக்கொண்டு, இறுதியாகத் தந்தையின் கல்லுக்கு வந்து அவர் பிறந்த நாளைக் கூட்டினால், பெட்டி இருக்கும் இடத்தின் எண்கள் முழுமையாகும். அந்த இடமோ தோட்டத்துக்கு வெளியே, வேலியோரத்திலோ அவர் மாலையில் நடந்த பாதையிலோ அவர் மீன்பிடித்த ஓடைக்கரையிலோ அமையும். தந்தையின் கல்லை மட்டும் காட்டாமல் அண்டையில் உறங்கும் பத்துப் பேரின் பெயரையும் படிக்க வைத்த பிறகே அவரிடம் அழைத்து வருவது இம்முறையின் சிறப்பு. வந்து பார்க்கச் சந்ததியே இல்லாத கல்லுக்கும் அன்றைக்கு ஒரு வாசகர் கிடைக்கிறார். தந்தையின் பெயர் பொறித்த வில்லை ஒன்றைப் பெட்டியில் இட்டு, கண்டெடுப்பவர் அதைத் தம் ஊர்ப் பக்கமுள்ள இன்னொரு பெட்டிக்குக் கொண்டுசெல்லும்படி வேண்டுவதும் உண்டு. வில்லையில் உள்ள எண்ணால் அது செல்லுமிடத்தைக் குடும்பத்தார் தொடர்ந்து அறிந்துகொள்வர்.

எதிர்ப்பும் எழுந்தது, அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 2005இல் தென் கரோலினாவின் பிரதிநிதிகள் அவை, கல்லறைத் தோட்டங்களிலும் தொல்லியல், வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களிலும் அனுமதியின்றி இவ்விளையாட்டில் ஈடுபடுவதைக் குற்றமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. மேலவையில் நிறைவேறாததால் அது சட்டமாகவில்லை. எனினும் அந்த விவாதம் நல்ல விளைவையே தந்தது எனலாம். தென் மாநிலங்களில் அடிமைகளாய் மடிந்தோரின் இடுகாடுகள் பெயரற்ற வெறும் நடுகற்களாலோ கடற்சிப்பிகளாலோ மட்டுமே அடையாளம் காணப்படுபவை. அறியாதவர் கால்பட்டு ஒரு கல் நகர்ந்தாலும் ஒருவர் இருந்ததற்கான ஒரே சான்று அழிந்துவிடும். அங்கே தேடலுக்கு இடமளிக்காமல் இருப்பதே முறை. நிலத்தைத் தோண்டக் கூடாது, உரிமையாளரின் அனுமதி வேண்டும், பெட்டி கல்லறை மீதோ கல்லறைக்கல்லை ஒட்டியோ இருக்கக் கூடாது என்னும் நெறிகள் இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளன.

கற்களைப் படிக்கும் ஆர்வமே கற்களுக்குக் கேடான காலமும் உண்டு. மங்கிய எழுத்தைத் தெளிவாக்கச் சுண்ணக்கட்டி தேய்ப்பது, சவரநுரை பூசுவது, கம்பித் தூரிகையால் சுரண்டுவது, தாளை ஒட்டி மெழுகால் தேய்த்துப் படியெடுப்பது ஆகியவை நெடுங்காலம் தடையின்றி நடந்தன. சவரநுரையில் உள்ள அமிலமும் எண்ணெயும் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடுகின்றன. பொருக்குவிட்ட மணற்கல்லோ தூரிகை பட்டால் எழுத்தோடு உதிர்ந்துவிடும். கல்லறைக்கல் ஆய்வுக்கென 1977இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சங்கத்தாரும் பாதுகாப்பு வல்லுநரும் பரிந்துரைப்பது கண்ணாடியை: ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலைக் கல்லின் மேல் சாய்வாகப் பாய்ச்சினால், தேய்ந்த எழுத்துகளின் பள்ளங்களில் நிழல் விழுந்து, கண்ணுக்கு மறைந்த பெயர் எழுந்து நிற்கும்.

நியூ ஜெர்சியிலும் லண்டனிலும் டொரன்டோவிலும் குடியேறி, வார இறுதிகளில் பிள்ளைகளுடன் இத்தகைய தேடல்களுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள், முன்கூட்டியே நிர்வாக அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். அடக்கச் சடங்கு நடக்கும் வேளையில் தேடலை விட்டு விலகி வந்துவிட வேண்டும். சாய்ந்திருக்கும் கல்லில் பிள்ளைகள் கைவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி கிடைத்ததும் கையொப்பத்தோடு நின்றுவிடாமல், அங்கே கண்ட தந்தையின் பெயரையும், அவரைப் பற்றித் தெரிந்துகொண்ட ஒரு செய்தியையும் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். பெட்டியைப் பராமரிக்க வரும் பிள்ளைகள் முதலில் திறந்து படிப்பது அந்தக் குறிப்பேட்டைத்தான்.